கித்தார் பேராண்டிக்குக் கெழவன் சொல்ற புத்தி

வாடா பேராண்டி, உக்காரு. இன்னா, கால்சட்டை இறுக்குதா? சரி, நின்னுக்கினே கேளு. உங்க கோஷ்டியில எல்லாரும் நின்னுக்கினுதானே வாசிக்கிறீங்க, பழக்கம் வுட்டுப் போவக் கூடாது.

போஸ்டர் பாத்தேன். நம்ம காஞ்சீவரத்து மூங்கில் மண்டபத்தாண்ட கொட்டையெழுத்துல ஒட்டியிருந்தீங்க. ஒரு பக்கம் நாயனம், தவிலு, பிடிலு. இன்னொரு பக்கம் கித்தாரு, பேஸ் கித்தாரு, டிரம்ஸு. நடுவுல தீ எரியுது. ‘உலகத்தில் முதல் முறையாக’ன்னு மேல ஒரு வரி. ரொம்ப சந்தோஷம். உலகம் பிள்ளையார்பாளையத்துல ஆரம்பிச்சு ரங்கசாமி குளத்தாண்ட முடிஞ்சுடுதுன்னா, நீங்கதான் மொதலு. சந்தேகமே இல்ல.

உங்கப்பன் வந்து எங்கிட்ட அழுதான். ‘கர்நாடக சங்கீதத்துல வெள்ளக்காரன் வாத்தியத்தக் கலக்குறான், நீங்களாவது புத்தி சொல்லுங்க நைனா’ன்னான். ‘டேய், மார்கழியில மெட்ராஸ் போயி சபாவுல தலையாட்டிக் கேட்டுட்டு வர்றியே பிடிலு, அது எந்தூருல வெளஞ்சுது? திருவாரூருலயா?’ன்னு கேட்டேன். வாயத் தொறக்கல. முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதரு, மெட்ராஸ் கோட்டையில வெள்ளக்காரன்கிட்ட ஒக்காந்து கத்துக்கின வாத்தியம்டா அது. கம்பெனி ஆண்ட காலத்துக் கதை.

அண்ணங்காரரு மட்டும் சும்மா இருந்தாரா? கோட்டை பேண்டுல காதுல வுழுந்த மெட்டுங்களுக்கு சமஸ்கிருதத்துல சாகித்தியம் பண்ணிப்புட்டாரு. நோட்டுஸ்வரம்ன்னு முப்பது சொச்சம் உருப்படி. பாட்டு கத்துக்கப் போற கொழந்தைங்க இன்னிக்கும் பாடுதுங்க. அதுல ஒண்ணு, இங்கிலீஷ் ராசா முன்னால எல்லாரும் எழுந்து நின்னு பாடுற பாட்டோட மெட்டு. ராசாவுக்குப் பாடுன மெட்ட எடுத்து அம்பாளுக்கு வெச்சாரு பாரு, அந்தக் குறும்பு யாருக்குடா வரும்! அவரு நம்ம காஞ்சீவரத்துல வந்து தங்கி உபநிஷத் பிரம்மத்துகிட்ட பாடம் கேட்டவரு, ஏகாம்பரநாதர் மேல பைரவியில கீர்த்தனை பண்ணவரு. அவரு கலந்தா புண்ணியம், என் பேரன் கலந்தா தீட்டான்னு உனக்காகத்தான் வாதாடினேன். மொகத்தத் தூக்கி வெச்சுக்காத. உங்கப்பனுக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்துட்டேன். இப்ப உன் முறை.

கலக்குறது நமக்குப் புதுசு இல்ல. புஞ்சரசந்தாங்கல் பக்கம் போனீன்னா கட்டைக்கூத்துல ஆர்மோனியம் இல்லாம ராசா வேசம் திரைக்குப் பின்னாலேர்ந்து வெளியவே வர மாட்டாரு. அந்தப் பொட்டி ஐரோப்பாலேர்ந்து கப்பலேறி வந்தது. 1940-ல ஆல் இந்தியா ரேடியோக்காரங்க ‘இதுல கமகம் பேசாது’ன்னு அதத் தொரத்திட்டாங்க. 1971 வரைக்கும் உள்ள வுடல. டெல்லி தொரத்துனத நம்ம கூத்துக்காரன் பக்கத்துல ஒக்கார வெச்சுக்கினான். ஏன்னா அவனுக்கு விடியவிடிய அடங்காத சுருதி ஒண்ணு வேணும், அத அந்தப் பொட்டி குடுத்துது. அட, உன் தலைக்கு மேல தறியில தொங்குதே ஜக்கார்டு பொட்டி, அது பிரான்ஸ் தேசத்துல 1804-ல ஜக்கார்டுன்னு ஒருத்தரு பண்ண வேல. அதுல அட்டையக் கோத்து வுட்டுட்டுத்தான் நாம அன்னப்பட்சியும் ருத்திராட்சமும் போடுறோம். எந்தக் கல்யாணப் பொண்ணாவது ‘இது பிரெஞ்சு டிசைனு, எனக்கு வேணாம்’ன்னு சேலையத் திருப்பிக் குடுத்தாளா?

ஆக, கலக்கலாமா கூடாதான்னு கேக்குறது வேலையத்தவன் கேள்வி. எப்பிடிக் கலக்குறதுன்றதுதான் வேலைக்காரன் கேள்வி. அத உனக்கு நான் தறியில காட்டுறேன், மத்ததெல்லாம் உன் செல்போன் காட்டட்டும்.

கோர்வைச் சேலைன்னு ஒண்ணு நெய்யிறோமே, ஒடம்பு ஒரு நெறம், கரை ஒரு நெறம். ஒடம்பு மயில்கழுத்து, கரை அரக்கு. அது இன்னா, ரெண்டு துணிய நெய்ஞ்சு ஒண்ணா வெச்சுத் தெச்சதா? இல்ல. மூணு நாடா ஓடுது. ஒடம்புக்கு ஒண்ணு, ரெண்டு பக்கத்துக் கரைக்கும் ஆளுக்கொண்ணு. நான் ஒருத்தன் ஓட்டினா பத்தாது, கரை நாடா வீச பக்கத்துல இன்னொரு ஆளு ஒக்காரணும். ஒவ்வொரு ஊடைக்கும் ஒடம்பு இழையும் கரை இழையும் ஒண்ண ஒண்ணு கொக்கி போட்டுப் புடிச்சுக்கினு திரும்பணும். ஒரு தடவ புடி வுட்டுச்சுன்னா அங்க ஓட்டை. ஒழுங்காப் புடிச்சிருந்தா, சேலை நடுவுல கிழிஞ்சாலும் கரை பிரியாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ரெண்டு நெறமும் தன் நெறத்த வுட்டுக் குடுக்கல. ஆனா ஒவ்வொரு இழையிலயும் அடுத்தவனத் தொட்டுட்டுத்தான் திரும்புது. உங்க ஒத்திகையில நான் கேட்டது கோர்வை இல்லடா. ஒடம்பு ஒரு கடையில, கரை ஒரு கடையில வாங்கி, டெய்லர் கடையில குடுத்து தெச்ச மாதிரி இருந்துச்சு.

கோவிச்சுக்காத. எப்பிடிச் சேருதுன்னு பெரியவங்க காட்டி வெச்சிருக்காங்க, கேளு.

அந்தப் பிடிலையே எடுத்துக்கோ. சீமையில நின்னுக்கினு தாடைக்கடியில இடுக்கி வாசிக்கிற வாத்தியம். நம்மூருக்கு வந்ததும் சம்மணம் போட்டு ஒக்காந்துச்சு. தலையக் கால்மேல சாச்சுக்கினு, ஒடம்ப நெஞ்சுல அணைச்சுக்கினுச்சு. ஏன்? தாடையில இடுக்கினா இடது கை பாரத்தத் தாங்கணும், தாராளமா வழுக்கிக்கினு ஓட முடியாது. கால்ல சாச்சுட்டா கைக்கு வுடுதலை, கமகம் வருது. கம்பியையும் மாத்திக்கினாங்க. சா-பா, சா-பான்னு கூட்டி, பாடுறவர் சுருதிக்கு எறக்கி ஏத்திக்கினாங்க. வந்த விருந்தாளி வூட்டு வழக்கத்துக்குக் கால மடக்குனதால வூட்டுப் புள்ளையாவே ஆயிடுச்சு. கிளாரினெட்டும் இப்பிடித்தான், சதிர்க் கச்சேரிக்குள்ள பூந்து, அப்புறம் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கையில நாயனத்துக்குச் சவால் வுட்டுச்சு. மாண்டலின் சீனிவாசு, அந்தக் கொழந்த, கரண்டு மாண்டலின எடுத்துக்கினு வந்தப்ப ‘இதுல தோடி வருமா’ன்னு சிரிச்சவங்க எத்தினி பேரு! அவரு எட்டுக் கம்பி வாத்தியத்த அஞ்சு கம்பியா ஆக்கி, அதுல தோடியையும் வாசிச்சாரு, சிரிச்சவங்களையும் எழுந்து நிக்க வெச்சாரு.

இது நம்ம பக்கம். உன் சாமிங்க பக்கத்துக்கு வருவோம். கித்தார்ல ஜான் மெக்லாப்லின்னு ஒருத்தர் பேரச் சொல்லிச் சொல்லி நீ உருகுறியே, அவரு கதைய முழுசாப் படிச்சியா, இல்ல போட்டோ மட்டும் பாத்தியா? 1971-ல மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரான்னு ஆரம்பிச்சு, ரெட்டைக் கழுத்துக் கித்தார மாட்டிக்கினு ஊரே அதிர வாசிச்ச மனுசன். பேரும் பணமும் ஏறிக்கினு இருக்கும்போதே ஒரு காரியம் பண்ணாரு. அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல டாக்டர் எஸ். ராமநாதன்கிட்ட போயி வீணை பாடத்துக்கு ஒக்காந்தாரு. அப்புறம் ‘சக்தி’ன்னு குழு. பிடிலுக்கு எல். சங்கர், தபலாவுக்கு ஜாகிர் உசேன், மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவன், கடத்துக்கு நம்ம விக்கு விநாயக்ராம். 1975-ல அமெரிக்காவுல ஒரு காலேஜு மேடையில வாசிச்சத மறுவருசம் தட்டாப் போட்டாங்க.

அதுல அவரு கரண்டுக் கித்தாரத் தொடவே இல்லடா. மரக் கித்தார்தான். மேடையில மத்தவங்களோட மத்தவனா சம்மணம் போட்டு ஒக்காந்தாரு. கமகம் வரணும்ன்றதுக்காக கித்தார் கழுத்துல மெட்டுக்கம்பிக்கும் மெட்டுக்கம்பிக்கும் நடுவுல கட்டையக் கொடஞ்சு பள்ளமாக்கி, குறுக்கால கூடவே அதிர்ற ஏழு துணைக்கம்பி கட்டி, தனியாவே ஒரு கித்தார் செஞ்சு வாங்கினாரு. வெள்ளக்காரன் நம்ம சங்கீதத்துக்காக வாத்தியத்தக் கொடையுறான், நீ நம்ம சங்கீதத்துக்காக இன்னா கொடஞ்ச? முட்டி கிட்ட கால்சட்டைய கிழிச்சுக்கின, அவ்ளோதான்.

அந்தக் கோர்வை எத்தினி நாளு தாங்குச்சு பாரு. நடுவுல கலைஞ்சாங்க, 1997-க்கு மேல மறுபடி சேந்தாங்க. நான் சொன்ன மாண்டலின் சீனிவாசும் அதுல வந்து ஒக்காந்தாரு. விக்கு எடத்துக்கு அவரு புள்ள செல்வகணேஷ் கஞ்சிராவோட வந்தாரு. 2024-ல அவங்க தட்டுக்கு கிராமி விருது குடுத்தாங்க. அந்த வருசக் கடைசியிலதான் ஜாகிர் உசேன் கண்ண மூடினாரு. ஏறக்கொறைய அம்பது வருசம் நின்ன கலவை அது. உங்க கோஷ்டி போன தைக்கு ஆரம்பிச்சுது. இந்தத் தைக்குள்ள ரெண்டு டிரம்மர் மாறிட்டான்.

இன்னொண்ணும் சொல்லி உன் போஸ்டர் வரியக் கிழிச்சுடறேன். சார்லி மரியானோன்னு அமெரிக்காவுல பாஸ்டன்ல பொறந்த சாக்ஸபோன்காரர். ஜாஸ் உலகத்துல பெரிய கை. வயசு நாப்பதத் தாண்டினப்பறம் நம்ம நாகசுரத்தக் கையில எடுத்து, மாணவனாட்டம் ஒக்காந்து கத்துக்கினாரு. ஜெர்மனியில எம்ப்ரியோன்னு ஒரு ராக் கோஷ்டி இருந்துச்சு. 1973-ல அவங்க போட்ட தட்டுல நாகசுரம் ஊதியிருக்காரு. நாயனமும் ராக்கும் சேந்தது காஞ்சீவரத்துல இல்ல, ஜெர்மனியில, உங்கப்பனுக்குப் பல்லு மொளைக்கிறதுக்கு முன்னால. ‘உலகத்தில் முதல் முறையாக’ன்றதுல ‘உலக’ன்றத அடிச்சுட்டு ‘தெரு’ன்னு போடு, பொய் சொன்ன பாவம் வராது.

சரி, இப்ப உங்க ஒத்திகைக்கு வருவோம். மாடியில வாசிச்சீங்க, கீழ தறியில இருந்த பட்டு இழை ரெண்டு பயத்துல அறுந்துடுச்சு. நான் கேட்டத ஒண்ணொண்ணாச் சொல்றேன்.

மொதல்ல சுருதி. அந்த நாயனக்காரப் புள்ளையப் பாத்து ‘ப்ரோ, கொஞ்சம் E-க்கு வா’ன்னு நீ சொல்ற. டேய், அது நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்தக் கடஞ்சு பண்ண வாத்தியம். தொளை போட்ட எடம் போட்ட எடம்தான். சீவாளியில ஒரு நூல் அப்பிடி இப்பிடி பண்ணலாம், அவ்ளோதான். அந்த நீளமான பாரி நாயனம் ரெண்டு, ரெண்டரைக் கட்டையில நிக்கும். ரெண்டரைக் கட்டைன்னா உங்க கணக்குல D ஷார்ப்பு. கித்தார்ல ஆறு கம்பிக்கும் ஆறு முடுக்கு இருக்குதே, அரை ஸ்வரம் எறக்குனா இன்னா கொறஞ்சா போயிடும்? ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்ன்னு சுவத்துல படம் ஒட்டி வெச்சிருக்கியே, அவரு பாதிப் பாட்டுக்குக் கம்பிய அரை ஸ்வரம் எறக்கித்தான் வாசிச்சாரு. உன் சாமியே நம்ம ரெண்டரைக் கட்டைக்கு எறங்கி வந்துட்டாரு, பூசாரி நீ எறங்க மாட்டேன்ற.

ரெண்டாவது கமகம். அந்தப் புள்ள தோடி எடுத்தான். காந்தாரத்துல அசைச்சு நிறுத்துறான், கேட்ட எனக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சு. ஒடனே உங்க கீபோர்டுக்காரன் அடியில மூணு ஸ்வரத்த ஒண்ணாப் போட்டு அமுக்கிப் புடிச்சான். தோடி காந்தாரம் ஒரு எடத்துல நிக்கிற ஸ்வரம் இல்லடா, ஆடிக்கினே இருக்குற ஸ்வரம். அதுக்கடியில ஆடாத ஒண்ண ஆணியடிச்சு வெச்சா ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும். கார்டு போடாதேன்னு சொல்லல. எங்க போடலாம்ன்னு தெரிஞ்சு போடு. சங்கராபரணம், மோகனம், அம்சத்வனி மாதிரி நேரா நிக்கிற ராகத்துல போட்டா பொருந்தும். தீட்சிதரு கோட்டை பேண்டு மெட்ட சங்கராபரண வழியிலதான் வெச்சுக்கினாரு, யோசிச்சுத்தான் வெச்சாரு. தோடியும் சகானாவும் வந்தா கீபோர்டுக்காரன டீ குடிக்க அனுப்பு. அவனுக்கும் நல்லது, ராகத்துக்கும் நல்லது.

மூணாவது தாளம். ‘தாத்தா, நாங்க ஏழுல வாசிக்கிறோம்’ன்னு பெருமையா வந்து சொன்ன. பிங்க் ஃப்ளாய்டுன்னு ஒரு கோஷ்டி 1973-ல பணத்தப் பத்தி ஒரு பாட்டு ஏழுல போட்டு ஒலகம் பூரா பேர் வாங்கினாங்களாம், அதக் கேக்க வெச்ச. கேட்டேன். நல்லாத்தான் இருக்குது. ஆனா கித்தார் தனியா வர்ற எடத்துல நைசா நாலுக்குத் தாவிட்டாங்களே, கவனிச்சியா? ஏழுல கித்தாருக்கு மூச்சு முட்டியிருக்கும், பாவம். உன் தவில்காரன் ஏழத் தொடையில தட்டிக்கினே தூங்குவான். மிஸ்ர சாப்புல கல்யாண வூட்டுல எல எடுக்குற சத்தத்துக்கும் நடுவுல வாசிக்கிறவன். அவன வெச்சுக்கினு டிரம்ஸ்காரன் நாலுக்கு நாலு இடிக்கிறான், தவில்காரன் அவனுக்குப் பின்னால பொம்மை மாதிரி கை ஆட்டுறான். நம்ம காஞ்சீபுரம் நைனாப் பிள்ளை பேரு கேட்டிருக்கியா? 1934-ல காலமானவரு. அவரு கச்சேரிக்கு ஃபுல் பெஞ்சுன்னு பேரு. பிடிலு, மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல்ன்னு வரிசையா ஒக்காருவாங்க. அத்தினி பேருக்கும் நடுவுல பல்லவியத் தூக்கி எறிஞ்சு, எங்க எறிஞ்சாரோ அங்கயே வந்து புடிப்பாரு. ஒருத்தன் சத்தத்துல இன்னொருத்தன் முழுவிப் போவாம ஏழு பேரு ஒரு கணக்குல நின்னாங்க. இந்த ஊர்ல பொறந்துட்டு, டிரம்ஸ் இருந்தாத்தான் பவர்ன்னு சொல்றியே, நைனாப் பிள்ளை காதுல வுழுந்திருந்தா உன்ன மூணு கலைத் திரிகாலத்துல நடந்து வூட்டுக்குப் போவச் சொல்லியிருப்பாரு.

நாலாவது சத்தம். தெருவுல, தேரடியில, கருட சேவைக்கு விடியக்காலையில பெருமாள் கோபுர வாசத் தாண்டும்போது, மைக்கு இல்லாம கூட்டத்தத் தாண்டிக் கேக்குறதுக்குன்னே பொறந்த வாத்தியம் நாயனமும் தவிலும். உங்க மேடையில அதே நாயனம் கேக்கவே மாட்டேன்னுது. எப்பேர்ப்பட்ட சாதனை! மிக்ஸர் பொட்டியண்ட ஒக்காந்திருக்குற பையன் பேஸ் கித்தார்க்காரனோட மச்சான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தப் பொட்டியண்ட ஒக்கார்றவனுக்கு சாவேரிக்கும் சாம்பாருக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும்.

சனங்க கை தட்டுறாங்கன்னு மட்டும் சொல்லாத. 1971 ஆகஸ்டு 1, நியூயார்க்கு மாடிசன் ஸ்கொயர் கார்டன். பங்களாதேஷ் அகதிங்களுக்காக ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் நடத்துன கச்சேரி. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் தந்திய முடுக்கி சுருதி சேத்துட்டு நிமுந்தாங்க. கூட்டம் அதுக்கே கைதட்டி வானத்தப் பொளந்துடுச்சு. சுருதி சேக்குறதே இவ்ளோ புடிச்சிருந்தா வாசிக்கிறது இன்னும் புடிக்கும்ன்னு நம்புறேன்னு ரவிசங்கர் சிரிச்சுக்கினே சொன்னாரு. கைதட்டு வந்துச்சுன்றதுக்காக வாசிச்சாச்சுன்னு நெனச்சுக்காத, பேராண்டி. உங்க கச்சேரியில பாதி நேரம் சுருதி சேக்குறதுக்குக் கூட கைதட்டு வரலன்றது வேற விசயம். நீங்க சேக்கவே இல்லியே.

அஞ்சாவது அந்தத் தீ. ஹெண்ட்ரிக்ஸ் 1967-ல மான்ட்ரே விழாவுல கித்தாரக் கொளுத்துனாரு, அதனால நாங்களும் போஸ்டர்ல கொளுத்துறோம்ன்னு சொன்ன. அந்த விழாவுல ரவிசங்கரும் வாசிச்சாரு. வாத்தியத்தக் கொளுத்துனதப் பாத்து அவரு மனசு நொந்து போச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. சரஸ்வதி பூசைக்கு நாம நாடாவுக்கும் அச்சுக்கும் குங்குமம் வெச்சு அன்னிக்குத் தறியத் தொடாம இருக்கோம். நாம கொளுத்துறதுன்னா சரிகையத்தான்டா கொளுத்துவோம், அதுவும் ஒரு நூலு, அசலா போலியான்னு பாக்குறதுக்கு. அந்தப் பரீட்சைய உங்க கோஷ்டிக்கும் வெக்கணும்ன்னு ஆசை. இப்ப வேணாம், கச்சேரிக்கு அட்வான்ஸ் வாங்கிட்டீங்க.

ஆறாவது மல்லாரி. கச்சேரி ஆரம்பத்துல புகை வுட்டு, லைட்ட அணைச்சு, கம்பீர நாட்டையில மல்லாரி வாசிக்கச் சொல்லி, அந்த எடத்துல பாடகன் கையத் தூக்கிக்கினு குதிச்சு வர்றான். மல்லாரி சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறது. அதக் கேட்டதும் சனம் எழுந்து கும்புடும். புகையிலேர்ந்து பெருமாள் வருவாருன்னு பாத்தா, கடைசி வூட்டு மெக்கானிக்கு மவன் வர்றான். கும்புடுறதா வேணாமான்னு எனக்கு ரெண்டு நிமிசம் கொழப்பம். வாசிக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு நான் யாரு? ஆனா எதுக்காக ஒரு சத்தம் பொறந்துச்சுன்னு தெரிஞ்சுக்கினு அப்புறம் அத வேற எடத்துக்குக் கூட்டிக்கினு போ.

இங்கதான் உன்ன ஒரு கேள்வி கேக்கணும். உங்க கலவை எதுக்குடா? இளையராஜா 1986-ல ‘ஹவ் டு நேம் இட்’டுன்னு ஒரு தட்டு போட்டாரு, தியாகராசரையும் சீமைச் சங்கீதக்கார பாக்கையும் ஒரு திண்ணையில ஒக்கார வெச்சுப் பேச வுடணும்ன்னு அவருக்கு ஒரு ஆசை, அது காதுல தெரியுது. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேல பாத்துக்கினே ‘அகம்’ன்னு ஒரு கோஷ்டி 2003-லேர்ந்து வாசிக்கிறாங்க. கீர்த்தனையோட சாகித்தியத்த மொதல்ல மனசுல வாங்கிக்கினு, அதச் சுத்தி கித்தார எழுப்புறாங்க. 2018 சனவரியில மெட்ராஸ் கீழ்ப்பாக்கத்துல ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ன்னு பா. ரஞ்சித்தும் தென்மாவும் சேத்த கோஷ்டி மேடையேறுச்சு. பறையும் சட்டியும் கித்தாரும் ஒண்ணா. சாஸ்திர சங்கீதம் இல்ல, கானாவும் ராக்கும். ஆனா அவங்களுக்குச் சொல்றதுக்கு ஒண்ணு இருந்துச்சு. சாதியப் பத்தி மூஞ்சிக்கு நேரா சொல்லணும்ன்ற சூடு இருந்துச்சு. பறைக்கு அங்க முன்வரிசை, அதுதான் அந்தப் பாட்டோட அர்த்தமே. இந்த மூணு பேரும் மூணு தெச. ஆனா மூணு பேருக்கும் ‘எதுக்கு’ன்னு கேட்டா பதில் இருக்குது. நீ இன்னா சொன்ன? ‘கல்யாண ஆர்டர் நெறைய வருது தாத்தா’ன்ன. சத்தியமான பதில், அதுக்காக உன்ன மெச்சுறேன். ஆனா அந்தக் கல்யாணத்துல நேத்து செண்டை மேளம் வந்துச்சு, நாளைக்கு வேற ஒண்ணு வரும். ஆர்டருக்காகக் கலந்தத ஆர்டர் நின்னா யாரும் தேட மாட்டாங்க.

கடைசியா ஒண்ணு, இதத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும், ஆனா மொதல்லயே சொன்னா நீ ஓடிடுவ. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைன்னு ஒரு மகாராசன். கிராப்பு வெட்டிக்கினு, நீளக் கோட்டு போட்டுக்கினு, நாயனத்தத் தூக்கிக்கினு நடந்தா ஊரே பின்னால போவும். நீங்கள்லாம் ராக் ஸ்டார்ன்றீங்களே, அவரு அப்பவே அதுதான். பழைய திமிரி நாயனத்தோட சுருதி ஒசரம்ன்னு, நீளமான பாரி நாயனத்தச் செய்ய வெச்சு, அத ஒலகத்துக்குக் காட்டுனவரும் அவருதான். எல்லாத்துக்கும் மேல, நாயனக்காரன் ஓரத்துல நிக்கிறவன் இல்ல, மேடையில ஒக்கார்ற வித்வான்னு அடிச்சுச் சொல்லி ஒக்காந்து காட்டுனாரு. அவரு கண்ண மூடி (1956) இத்தினி வருசம் கழிச்சு, நீங்க புதுமை பண்றோம்ன்னு சொல்லி அந்த வாத்தியத்த மறுபடியும் ஓரத்துல நிக்க வெச்சிருக்கீங்க. அந்தப் புள்ளைக்கு ஜரிகை வேட்டி, நெத்தியில பட்டை, கழுத்துல மாலை. உங்களுக்குக் கருப்புச் சட்டை. அவன் வாசிக்க ரெண்டு எடம், போட்டோவுக்கு இருவது எடம். கச்சேரி முடிஞ்சு பணம் பிரிக்கும்போது, கித்தார்க்காரனுக்கு ‘ஆர்ட்டிஸ்ட் பேமெண்ட்டு’, நாயனக்காரனுக்கு ‘பெட்ரோல் காசு’. உங்க சங்கீதத்துல எங்கடா புடி வுட்டுச்சுன்னு என்னக் கேட்டியே, இங்கதான்.

இதெல்லாம் கேட்டுட்டு வாத்தியத்த மூட்டை கட்டிடாத. நீ நாலு மாசம் அந்தப் புள்ளைகிட்ட ஒக்காந்து சரளி வரிசையிலேர்ந்து தோடி வரைக்கும் கேளு. அவனும் உங்கிட்ட கார்டுன்னா இன்னான்னு கத்துக்கட்டும். தவில்காரனும் டிரம்ஸ்காரனும் ஒரு மாசம் மேடையே ஏறாம மிஸ்ர சாப்புலயும் கண்ட சாப்புலயும் தொடையில தட்டிக்கினு இருக்கட்டும். கித்தார அரை ஸ்வரம் எறக்கு. மிக்ஸர்லேர்ந்து மச்சானக் கெளப்பு. போஸ்டர்ல தீய அணைச்சுட்டு, அந்த எடத்துல நாயனக்காரன் பேரையும் தவில்காரன் பேரையும் உன் பேருக்குச் சமமா போடு. பணத்தச் சமமாப் பிரி. இவ்ளோவும் பண்ணிட்டு வந்து கூப்புடு, உங்கப்பன இழுத்துக்கினு முன்வரிசையில வந்து ஒக்கார்றேன், காதுல பஞ்சு வெக்காம.